முத்திரை குத்திய அட்டை

கணவரின் உடலைப் பெற்றுக்கொள்ள, தேக்காவில் இருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் கவுண்டரில் மதலேனா கையெழுத்துப் போட்டாள்.

டைப்ரைட்டரை விட்டு எழுந்த கவுண்டர் பெண், ஆஸ்பத்திரி முத்திரை குத்திய ஓர் அட்டையை நீட்டினாள். “ஆன்ட்டி, இந்தச் சவப்பெட்டிக் கடைக்குப் போங்க லா. நாங்க அனுப்பினோம்னு தெரிஞ்சா நல்லாச் செய்வாங்க.”

பின்னால் நின்ற வெள்ளைச் சட்டைக்காரர் பாய்ந்து வந்தார். “வெட்கமா இல்ல உங்களுக்கு? வைத்தியம் பாக்குற இடத்துல சவப்பெட்டிக்கு விளம்பரமா? அழுதுட்டு நிக்கிறவங்க உங்க முத்திரையை நம்பித்தானே போறாங்க? ஒரு சாவுக்கு எவ்வளவு கமிஷன்?”

மதலேனாவுக்கும் ரத்தம் கொதித்தது. அட்டையைக் கிழித்து எறிந்தாள். தனக்காகக் கேட்க ஒரு மனிதராவது இருக்கிறாரே என்று அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நடந்தாள்.

வாசலைத் தாண்டுவதற்குள் அவர் குரல் மறுபடியும் கேட்டது. தணிந்த குரல்தான், ஆனால் கோபம் தணியவில்லை.

“மாசாமாசம் உனக்குக் கமிஷன் கொடுக்கிறது நான். நீ எனக்குப் போட்டியா இருக்கிறவன் அட்டையைக் கொடுக்கிறியா?”

பிறகு குரலில் தேன் ஒழுக, “அக்கா, கொஞ்சம் நில்லுங்க! நம்ம கடை வண்டி வெளியிலதான் நிக்குது” என்றார்.

மதலேனா திரும்பி வந்தாள். கையில் செருப்பு இருந்தது.