குத்தாத ஊசி

"அடம் பிடிக்காதே ஃபத்தூமா. இந்த ஊசியைப் போட்டா பொழைச்சுக்கும்," என்றான் பக்கத்துப் பண்ணை அய்யாத்.

ஆட்டின் மடி கல்லாய் வீங்கியிருந்தது. பீய்ச்சினால் பாலோடு ரத்தமும் வந்தது.

"உன் ஆட்டுக்கு எதை வேணா குத்திக்கோ அண்ணே. என்னோடது இயற்கைப் பண்ணை. அந்தச் சான்றிதழுக்கு ரெண்டு வருஷம் நாயா அலைஞ்சேன். ஊசி பட்டா போயிடும். அப்புறம் ஷெப்ஷாவன் சந்தையில எவன் என் பாலாடைக்கட்டியை வாங்குவான்?"

வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். பச்சிலை அரைத்துப் பூசினாள். அல்லாவிடம் கெஞ்சினாள். மூன்றாம் நாள் காலையில் அவள் கையிலேயே ஆட்டின் உயிர் போனது.

அன்று மதியம் சோதனைக்கு வந்த சான்றிதழ் அதிகாரி, செத்துக் கிடந்த ஆட்டின் வீங்கிய மடியைப் பார்த்தார்.

"மருந்தே கொடுக்கலையாம்மா?"

"ஒரு சொட்டுகூட இல்லைங்க. விதியை நான் மீறவே இல்லை," என்றாள் அழுகையை அடக்கிக்கொண்டு.

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார்.

"எந்த விதிம்மா? வேற வழியில்லைன்னா ஊசி போட்டுக் காப்பாத்தணும்னுதான் விதியே இருக்கு. பாலை மட்டும் கொஞ்ச நாள் விக்கக் கூடாது, அவ்வளவுதான். வாயில்லா ஜீவனை வலியில சாகவிட்டதுக்குத்தான் இப்ப உங்க சான்றிதழை நிறுத்தணும்."

பட்டியில் இரண்டு குட்டிகள் தாயைத் தேடிக் கத்திக்கொண்டிருந்தன.