தோள் இறக்கம்

கவுன் வாங்க வந்தவரும் அங்கி வாங்க வந்தவரும் ஒரே நேரத்தில் கடைக்குள் நுழைந்தார்கள்.

நான் ஓய்வு பெற்ற தையற்காரன். இப்போது மகனின் கடையில் உட்கார்ந்து பொத்தான் தைக்கிறேன், வம்பு கேட்கிறேன். இரண்டாவது வேலையில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை.

கவுன் வெள்ளை. கையில்லை. முட்டியோடு சரி. ஆனால் சுருக்கம் மட்டும் பிரித்துவிட்டால் கடையையே போர்த்தலாம்.

அங்கி பச்சை. மணிக்கட்டு வரை கை, கணுக்கால் வரை நீளம், தலைக்குத் தனியாக முக்காடு.

கவுன்காரம்மா அங்கியைப் பார்த்தார். அங்கிக்காரம்மா கவுனைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே நான்கு சட்டைக்கு இஸ்திரி போட்டிருக்கலாம்.

“எட்டு வயசுப் பிள்ளைக்கு எதுக்குங்க இவ்வளவு துணி? வேர்த்துக் கொட்டாதா?”

“உங்க பிள்ளைக்குக் குளிராதாங்க?”

கவுன்காரம்மா சிரித்துவிட்டார். இடது தோளில் இருந்து நழுவிய கைப்பையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

“தம்பி பொண்ணு. அவன் கல்யாணத்தோட பேச்சே விட்டுப்போச்சு. வர்ற ஞாயிறுதான் முதல் தடவையா வர்றா. சர்ச்சுல நாலு பேரு பார்த்தா எங்க பிள்ளைன்னு தெரியணும் இல்லையா?”

“இது என் தங்கச்சி பொண்ணுக்கு. வெள்ளிக்கிழமை விருந்து. எங்களுக்கும் அதே கவலைதாங்க.”

பை மறுபடி நழுவியது. மறுபடி இழுத்துக்கொண்டார்.

பிள்ளை வீட்டிலிருந்து எழுதி வந்த அளவுச் சீட்டுகள் இரண்டும் என் தொடைக்கு அடியில் இருந்தன. கோழி தோற்றது, அப்படி அடைகாத்தேன்.

கவுன்காரம்மா கவுனைத் தூக்கிப் பிடித்தார். முகம் மாறியது.

“என்னங்க பெரியவரே, இடது தோள் இறங்கிக் கிடக்கு? கோணலா தச்சு வச்சிருக்கீங்க!”

ஐம்பது வருடத்தில் ஒரு கோடித் தோள் தைத்தவன் நான். சரி, ஒரு லட்சம். ஒருவரும் என்னைக் கோணல் என்று சொன்னதில்லை. சீட்டைக் காட்டினால் என் மானம் பிழைக்கும். ஆனால் ஒன்றை உருவினால் மற்றதும் கூடவே வரும். இரண்டிலும் அளவும் ஒன்று, எழுதிய கையும் ஒன்று.

வாயில் இருந்த நூலைக் கடித்துக்கொண்டு கோணலாகவே இருந்தேன்.

அங்கிக்காரம்மா மேசையில் கிடந்த அங்கியின் தோள்களைச் சேர்த்து மடித்தார். இடது பக்கம் அரை அங்குலம் குறைந்தது. கவுனைப் பார்த்தார். பிறகு, மூன்றாவது முறையாகப் பை நழுவிக்கொண்டிருந்த கவுன்காரம்மாவின் இடது தோளைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

ஏதோ சொல்லப்போகிறார் என்று என் மகன் தையல் இயந்திரத்தை நிறுத்தினான்.

“கோணல் இல்லைங்க, சரியாத்தான் இருக்கு” என்றார். அங்கியையும் முக்காட்டையும் மடித்துத் தன் பையில் வைத்தார். வாசல் வரை போய்த் திரும்பினார். “அந்தக் கவுன்ல கழுத்துப் பொத்தானை மட்டும் போட்டுவிடாதீங்க. அவளுக்குப் பிடிக்காது.”

பை தரையில் விழுந்தது. கவுன்காரம்மா எடுக்கவில்லை.