மணப்பெண்ணின் இடப்பக்கம்

"மோரெனிகே, ஃபிளாஷை இன்னும் உயரமாப் பிடி! வெளியில கார் உறுமுது!" என்று மனைவியிடம் கத்தினான் போலாஜி.

இபாதான் நகரத்து வீட்டின் வராந்தா. புகுந்த வீட்டுக்குப் புறப்படும் கெஹிண்டே தலைப்பாகையோடு நின்றாள். மகளைத் தனியாக ஒரு படம் எடுக்க வேண்டும் என்பது அம்மாவின் பிடிவாதம். இனி அம்மாவிடம் மிஞ்சப்போவது அது ஒன்றுதான்.

எடுத்த படத்தில், மணப்பெண்ணுக்கு இடப்பக்கம் கன்னங்கரேலென்று ஒரு பட்டை.

"ஷட்டர் நானூறுல கெடக்கு. ஃபிளாஷ் அடிக்கறதுக்குள்ள உள்ள திரை பாதி மூடிடுது. இதுல நீங்க பெரிய போட்டோகிராபர்!" என்றாள் மோரெனிகே.

"தாயே, நீ வெளக்கை மட்டும் பிடி."

இருநூறுக்கு இறக்கினான். பட்டை போகவில்லை. அறுபதிலும் அப்படியே இருந்தது.

கேமராவைத் தலைகீழாகப் பிடித்து எடுத்தான். கோளாறு கேமராவில் என்றால் பட்டை மறுபக்கம் தாவ வேண்டும். தாவவில்லை. கெஹிண்டேவை நகரச் சொன்னான். பட்டையும் கூடவே நகர்ந்தது. மனைவியின் கேலி நின்றுபோனது.

அம்மா வந்து படத்தைப் பார்த்தாள். பயப்படவில்லை. மகளின் இடப்பக்கம் ஒரு நாற்காலியைப் போட்டாள்.

"இப்ப எடு தம்பி."

பட்டை இல்லை. நாற்காலி காலியாகத்தான் இருந்தது. ஆனால் பின்சுவரில் விழுந்த அதன் நிழலில், தலைப்பாகை கட்டிய ஒருத்தி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

போலாஜி கேமராவை வைத்துவிட்டு, பெரியவர்களை வணங்கும் ஊர் வழக்கப்படி அந்த நாற்காலியின் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெட்டையாப் பொறந்தாங்க, தம்பி. இன்னொருத்தி அன்னிக்கே போயிட்டா."