வலது காலில் கியர்

“இந்தச் செருப்போடயா வண்டி எடுக்க வந்த?”

கதவைத் திறந்த அந்த வீட்டு அம்மாவின் முதல் கேள்வியே அதுதான். வந்தவளுக்குச் சுருக்கென்றது.

விடுதியில் அவளுக்கு ‘வக்கீல்’ என்று பட்டப்பெயர். படிப்பதென்னவோ தாவரவியல். நியாயம் கேட்கக் கிளம்பிவிட்டால், எதிரில் நிற்பது பேராசிரியரா பேருந்து நடத்துநரா என்றெல்லாம் பார்க்க மாட்டாள். ஏழு மாதமாக இந்தப் பழைய ரக மோட்டார் சைக்கிளைத் தேடுகிறாள். மூன்று இடங்களில் ‘அண்ணனைக் கூட்டிட்டு வாம்மா, பேசலாம்’ என்று வாசலோடு அனுப்பிவிட்டார்கள். ஊரில் மிச்சமிருப்பது இந்த ஒரு வண்டிதான்.

கூடத்தில் வீட்டுக்காரர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். வக்கீல் நேரே அவரிடம் போனாள்.

“சார், வண்டி எத்தனை வருஷமா உங்ககிட்ட இருக்கு?”

“இருபத்தாறு,” என்றார் அந்த அம்மா.

“இன்ஜின் பிரிச்சு வேலை பார்த்திருக்கீங்களா சார்?”

“ரெண்டு தடவை.” இதற்கும் அந்த அம்மாவேதான்.

வக்கீல் அந்த அம்மா பக்கம் திரும்பவே இல்லை. “செயின் எப்ப மாத்தினது சார்?”

சார் ஊசியைப் பார்த்துக்கொண்டே, “எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா,” என்றார்.

ஆக, ஏதோ கோளாறு இருக்கிறது, மனுஷன் மழுப்புகிறார் என்று வக்கீல் மனசுக்குள் குறித்துக்கொண்டாள்.

கொட்டகையில் தார்ப்பாயை விலக்கியதும் அந்தச் சந்தேகம் எங்கோ பறந்துவிட்டது. கறுப்பு டேங்க்கில் அவள் முகம் தெரிந்தது.

“கீழ சாய்ஞ்சா தூக்கி நிறுத்துவியா? நூத்தி எழுபது கிலோ,” என்று அந்த அம்மா பின்னாலேயே வந்துவிட்டார். “கால் எட்டுமா? எங்க, ஏறி உக்காரு பாப்போம்.”

வந்ததே கோபம் வக்கீலுக்கு!

“இதே கேள்விய ஒரு பையன் வந்திருந்தா கேப்பீங்களா ஆன்ட்டி? ஆம்பளைங்க சொன்னாக்கூடப் போகட்டும். ஒரு பொண்ணே இன்னொரு பொண்ண மட்டம் தட்டினா நாங்க எந்தச் சுவத்துல போய் முட்டிக்கிறது?”

“முடிஞ்சுதா?”

“இல்ல. இன்னும் ரெண்டு பாயிண்ட் இருக்கு.”

“சொல்லு.” அந்த அம்மா கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து நின்றார்.

வக்கீல் இரண்டையும் சொன்னாள். நடுவில் மூன்றாவது ஒன்று தோன்றியது. அதையும் விடவில்லை.

“எல்லாம் சரிதான் தாயே. ஆனா செருப்புக்காலோட உதைச்சா கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் போயிடும். அப்புறம் உன் பாயிண்டையெல்லாம் மாவுக்கட்டு மேலதான் எழுதணும்.”

சொல்லிவிட்டு உள்ளே போய், தேய்ந்துபோன பூட்ஸ் ஒரு ஜோடியைக் கொண்டுவந்து போட்டார். வக்கீலுக்கு அது அளவெடுத்த மாதிரி பொருந்தியது. சாருக்குச் சின்னப் பாதம்போல என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்று உதைக்கு வண்டி இருமியது. நாலாவதில் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் காதில் விழவில்லை, நேரே நெஞ்சுக்கூட்டுக்குள் போய் உட்கார்ந்தது. தெருவில் இறங்கினாள். முதல் கியர், இரண்டாவது கியர். காற்று முகத்தில் அடித்தது. ஏழு மாதத்து எரிச்சல் ஒரே நொடியில் கரைந்து போக, யாருக்கென்று தெரியாமலேயே ‘நன்றி, நன்றி’ என்று முணுமுணுத்தாள்.

முனையில் ஒரு லாரி பின்னோக்கி வந்தது.

வலது காலை ஓங்கி மிதித்தாள். அவள் ஓட்டிப் பழகிய தோழியின் வண்டியில் பிரேக் அங்கேதான் இருக்கும். இந்தப் பழைய ரகத்தில் அங்கே இருப்பது கியர். அவள் அதைப் படித்திருந்தாள்தான். பதற்றத்தில் காலுக்குத்தான் மறந்துபோனது. வண்டி உதறியதே தவிர நிற்கவில்லை.

“இடது கால்! இடது கால மிதிடீ!”

தெருவே அதிர்ந்த அந்தக் குரலுக்குக் கால் தானாகக் கீழ்ப்படிந்தது. லாரிக்கும் முன்சக்கரத்துக்கும் ஒரு சாண் இருந்தது.

திரும்பிப் பார்த்தாள். அந்த அம்மா ஒரு காலை இழுத்து இழுத்து ஓடிவந்துகொண்டிருந்தார்.

“பயந்துட்டியா? நானும் முதல் நாள் இதே கூத்துதான் பண்ணேன். எதிர் வீட்டு கேட் உடைஞ்சே போச்சு.”

“நீங்களா?”

“பின்ன, அவரா? பின்னாடி உக்காந்தாலே கண்ண மூடிக்குவாரு. இந்த முட்டி மட்டும் சொன்ன பேச்சு கேட்டிருந்தா நான் ஏன் விக்கிறேன்?”

வீட்டில் வண்டியின் பதிவுப் புத்தகத்தைப் பிரித்தபோது, முதல் பக்கத்திலிருந்தே அந்த அம்மாவின் பெயர்தான் இருந்தது. வக்கீல் அந்தப் பெயரை இரண்டு முறை படித்தாள். பூட்ஸைக் கழற்றக் குனிந்தாள்.

“இருக்கட்டும், போட்டுக்கோ. உனக்குத்தான் சரியா இருக்கே.”

“ரொம்ப நன்றி ஆன்ட்டி. நீங்க மட்டும் கத்தலேன்னா...”

சார் பொத்தான் நூலை அறுத்துவிட்டுச் சிரித்தார். “அதிர்ஷ்டக்காரிம்மா நீ. உனக்கு முன்னாடி ஆறு பேர் வந்தாங்க. தர மாட்டேன்னு அனுப்பிட்டா. எல்லாரும் இவ இருக்கிறதையே கண்டுக்காம என்கிட்டயே பேசினாங்களாம்.”

வக்கீலின் முகம் சுண்டிப்போனது. “நானும் அதையேதானே பண்ணேன் ஆன்ட்டி?”

“பண்ணதான்,” என்று அந்த அம்மா சாவியை அவள் கையில் வைத்து மூடினார். “ஆனா அந்த ஆறு பேரும் என்னைச் சண்டை போடுற அளவுக்குக்கூட மதிக்கலையே!”