பதினோரு இடம்

"வேணும்னேதான் என் வால்யூமைக் குறைக்கறான்," என்றார் சுந்தரராமன், காரை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டே.

"யாரு?" என்றாள் மனைவி நாகலக்ஷ்மி.

"கெவின். கிரவுண்ட்ல சவுண்டு பாக்கறானே, அவன்."

வாரநாளில் சுந்தரராமன் சாஃப்ட்வேர் டெஸ்டர். சனி, ஞாயிறு மதியம் அமெரிக்காவில் அவர் இருந்த பிரிட்ஜ்வாட்டர் பக்கத்தில் ஒரு சின்ன பேஸ்பால் டீமுக்கு ஆர்கன் வாசிப்பவர். பந்துக்கும் பந்துக்கும் நடுவே நாலு சுரம் தட்டிவிட்டால் கூட்டம் கை தட்டும். தன் வாசிப்பில்தான் டீமுக்கு உயிரே வருகிறது என்று அவருக்கு ஒரு எண்ணம். டீம் கடைசி இடத்தில் இருந்தது வேறு விஷயம்.

"அவர்கிட்டயே கேட்டுடுங்களேன்."

"எதுக்கு? ஒரு இந்தியன் ஆர்கன் முன்னாடி உக்காந்தது பொறுக்கலை அவனுக்கு. ப்ரூஃபோட மேனேஜர்கிட்டயே போறேன்."

அடுத்த ஆட்டத்தில் செல்போனைச் சாய்த்து வைத்து, கெவினின் கையை வீடியோ எடுத்தார். பதினோரு இடத்தில் கெவின் வால்யூம் குமிழைத் திருகியிருந்தான். ஆபீஸ் பழக்கம், மணி நிமிஷத்தோடு எக்ஸெல் ஷீட்டே போட்டுவிட்டார்.

மேனேஜர் லிண்டா அதை அவருடைய லாப்டாப்பில் பொறுமையாகப் படித்தாள்.

"சீரியஸான புகார். உங்க ஆர்கன் தனியாவும் ரெக்கார்டு ஆகுது. அதை வெச்சே பாத்துடலாம்."

முதல் இடம், மணி இரண்டு பதினாலு. ஒரு சுரம் தடுக்கி விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது.

"இது... நானா?"

லிண்டா அடுத்ததைப் போட்டாள். அங்கேயும் அபஸ்வரம். நாலாவதில் தாளத்தையே காணோம்.

ஐந்தாவதைப் போடப் போனவளை சுந்தரராமன் கைகாட்டி நிறுத்தினார்.

"போன சீசன்ல வேற ஆளைப் போடலாமான்னு கெவின்கிட்டதான் கேட்டேன்," என்றாள் லிண்டா. "'இவரை விட்டுடாதீங்க, இவர் வாசிச்சா கிரவுண்ட்ல ஒரு தப்பு கேக்காது'ன்னான்."

சுந்தரராமன் மெதுவாக லாப்டாப்பை மூடினார்.

"எப்படியோ, புகார் புகார்தான். இனிமே உங்க வால்யூமைத் தொடக்கூடாதுன்னு அவன்கிட்ட கண்டிப்பா சொல்லிடறேன்."

"ஐயோ, வேண்டாம்," என்றார் சுந்தரராமன். "அவர் கை அங்கேயே இருக்கட்டும்."