மூன்றாவது கேம்ப்

ஒரே வருஷத்தில் மூன்றாவது தடவையாக வளைகுடாப் பாலைவனத்துத் தொழிலாளர் கேம்பைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு. சமையல்காரர் பன்னீர்செல்வத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஹெலிகாப்டரில் போய்ப் பறவை எண்ணுகிற அபிலாஷ்தான் உத்தரவைக் கொண்டுவந்தவன்.

“ஏன் தம்பி, இம்மாம் பெரிய பாலைவனத்துல உங்க ஹுபாராப் பறவைக்கு எங்க கேம்ப்தான் கிடைச்சுதா?”

“நான் என்ன செய்ய அண்ணே? மத்த இடத்துல ஒண்ணு ரெண்டுதான் தெரியுது. இங்க மட்டும் நாற்பது! அரிய பறவை. பக்கத்துல மனுஷன் இருக்கக் கூடாதாம். கலாஸ், அவ்வளவுதான்.”

“எப்படித்தான் இருக்கும் அந்தச் சனியன்?”

“மண் நிறம். நீளக் கழுத்து. ஆளைக் கண்டா ஓடிரும்.”

“பதினோரு வருஷமா இங்க கிடக்கேன். ஒண்ணைக்கூடப் பார்த்ததில்லையே!”

பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிப் புதுக் கேம்ப் போட்டார்கள். நாலாம் நாள் காலை, மிஞ்சின சோற்றோடு பின்கதவைத் திறந்த பன்னீர்செல்வத்தின் முகம் மலர்ந்தது.

“வந்துட்டீங்களாடா! எங்க போனாலும் மோப்பம் பிடிச்சிடுறீங்களே!”

சோற்றை வீசினார். அவர் ‘பாலைவனக் கோழி’ என்று பேர் வைத்திருந்த மண்நிறப் பறவைகள் நீளக் கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடிவந்தன.

தூரத்தில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது.

“கிளம்பிட்டானுங்க, இல்லாத பறவையை எண்ண!” என்று திட்டிக்கொண்டே இன்னொரு பிடி வீசினார்.