நத்தை வரைந்த மரம்

“மரம் வரையுங்க,” என்றாள் வாத்து டீச்சர். அணிலுக்கு வாலை முக்கிக்கொள்ள வண்ணம் கொடுத்தாள். ஊர்ந்தாலே கோடு விழும் நத்தைக்குக் கறுப்புச் சிலேட்டு ஒன்றைக் கொடுத்தாள்.

மணி அடிக்கப்போகும் நேரத்திலும் நத்தையின் சிலேட்டில் ஒற்றைக் கோடுதான் மின்னியது.

“மரம் எங்கேடா? வெட்டிட்டாங்களா?” என்றது அணில்.

நத்தையின் முகம் ஓட்டுக்குள் போய்விட்டது. “அழிச்சிடறேன் டீச்சர்.”

“அழிக்கலாம். அதுக்கு முன்னாடி, அவங்கவங்க படத்துக்கு அவங்கவங்களே மார்க் போடுங்க.”

அணில் உடனே நூறு போட்டுக்கொண்டது. நத்தை தன் கோட்டின் மேலேயே மறுபடி ஊர்ந்து பார்த்தது. ஒரு வளைவில் நின்றது.

“இந்த இடத்துல காத்து அடிக்குது டீச்சர். இது இருக்கட்டும்.”

அணில் எட்டிப் பார்த்தது. தன் நூறை வாலால் துடைத்துவிட்டு நத்தையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

“டேய், காத்தை எப்படிடா வரைஞ்சே?”